டெர்மினலில் முகம் ஏன் நீளுகிறது?

கேள்வி: 800-க்கு 600 பிக்சல் புகைப்படம் ஒன்றை பைத்தான் நிரல் எழுதி வண்ண எழுத்துகளாக டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், அச்சிட்டேன். 80 எழுத்து அகலம், 60 வரி. விகிதக் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? முகம் மட்டும் ரப்பரைப் பிடித்து இழுத்தது மாதிரி நீண்டுவிட்டது.

பதில்: கணக்கு சரி, கட்டம்தான் சதுரம் இல்லை. டெர்மினலில் ஓர் எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம், அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே 80 எழுத்து அகலத்துக்கு 30 வரி போதும். எழுத்துருவைப் பொறுத்து இது சற்று மாறும். ஒரு வட்டத்தை அச்சிட்டுப் பார்த்து, 60 வரியை 30 ஆக்கிய 0.5 என்ற பெருக்கெண்ணை 0.45, 0.55 என்று நகர்த்துங்கள்.

30 வரியில் கண், மூக்கு தெரியாதே என்றால், அந்த நெட்டைக் கட்டமே கைகொடுக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் U+2580 என்ற எண்ணில் ▀ இருக்கிறது; கட்டத்தின் மேல்பாதியை மட்டும் நிரப்பும். எழுத்தின் நிறமாக மேல் பிக்சலையும் பின்னணி நிறமாகக் கீழ் பிக்சலையும் கொடுத்தால், ஒரு கட்டத்தில் இரண்டு சதுர பிக்சல் கிடைத்துவிடும். படத்தை 80-க்கு 60 ஆகவே சுருக்கி, இரண்டிரண்டு வரிசையாக எடுங்கள். எழுத்து நிறத்துக்கு: வருவது கட்டளை என்று டெர்மினலுக்குச் சொல்லும் எஸ்கேப் குறி, திறக்கும் சதுர அடைப்பு, 38;2; அடுத்து சிவப்பு, பச்சை, நீல எண்கள், கடைசியில் சின்ன எம். ஆரஞ்சு வேண்டுமென்றால் 38;2;255;140;0. பின்னணிக்கு 38-க்குப் பதில் 48.

ஒவ்வொரு வரியையும் முடிக்கும் முன் அதே வடிவில் 0 என்ற குறியீட்டை அனுப்பி நிறத்தை அழித்துவிடுங்கள். மறந்தால் கடைசிப் பின்னணி நிறம் வலப்பக்கம் முழுக்க வழியும். வரிகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் நிரலைத் தோண்ட வேண்டாம். முதலில் டெர்மினல் அமைப்பில் வரி இடைவெளி 1.0-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அந்த ▀ கட்டை வேண்டாம், புள்ளியும் நட்சத்திரமுமாக எழுத்துகளே தெரிய வேண்டும் என்று செய்தேன். படம் இருட்டடித்துக் கிடக்கிறது.

பதில்: ஒரே இருட்டை இரண்டு முறை போடுகிறீர்கள். மங்கலான இடத்துக்குப் புள்ளி என்று எழுத்தைத் தேர்ந்தெடுத்தபோதே வெளிச்சம் குறைந்துவிட்டது. அந்தப் புள்ளிக்கும் மங்கல் நிறமே பூசினால் என்ன மிஞ்சும்? வெளிச்சத்தை எழுத்து பார்த்துக்கொள்ளட்டும், நிறத்தை மேலே தூக்குங்கள். பிக்சல் 60, 30, 20 என்றால் பெரிய எண் 255 ஆகும்படி மூன்றையும் 4.25-ஆல் பெருக்கினால் 255, 128, 85. முழுக் கறுப்பில் பெருக்க எதுவும் இல்லை, இடைவெளி விட்டுவிடுங்கள்; பூஜ்ஜியத்தால் வகுத்து நிரல் நிற்பதும் இங்கேதான். வெளிச்சத்தை அளக்க மூன்று எண்களின் வெறும் சராசரி ஆகாது, நீலம் அநியாயத்துக்குப் பிரகாசமாகிவிடும். சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை கொடுங்கள்.

வெள்ளைப் பின்னணி டெர்மினல் என்றால் மங்கலிலிருந்து பிரகாசம் வரையான எழுத்து வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இல்லாவிட்டால் நெகட்டிவ் பிலிம்தான்.

கேள்வி: என் கணினியில் அழகாக வரும் படம், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக சர்வரில் ஓட்டினால் கன்னத்தில் பட்டைபட்டையாக வருகிறது. ஏன்?

பதில்: நிரல் 256 நிறத்துக்கு இறங்கியிருக்கும். முழு நிறம் உண்டு என்று சொல்லும் கலர்டெர்ம் (COLORTERM) சூழல் மாறியை எஸ்எஸ்எச் பல அமைப்புகளில் தானாகக் கூடவே அனுப்பாது. சர்வரில் அதை ட்ரூகலர் (truecolor) என்று வைத்துப் பாருங்கள். டெர்மினலுக்கே அந்தத் திறன் இல்லையென்றால் பெரும்பாலும் 16 முதல் 231 வரையுள்ள நிறங்களோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0, 95, 135, 175, 215, 255 என ஆறே படிகள். தோலின் மென்மையான ஏற்ற இறக்கத்துக்கு அது எங்கே போதும்? அசல் நிறத்துக்கும் கிடைத்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிரும் ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறை பட்டையைக் கலைக்கும், பதிலுக்குக் கொஞ்சம் மணல் தூவும். முதல் 16 நிறங்களைத் தொடாதீர்கள், அவை தீமுக்குத் தீம் மாறும்.

கேள்வி: கோப்பில் சேமித்ததை, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் (less) கட்டளையில் திறந்தால் வெறும் எண்கள்.

பதில்: பெரிய ஆர் (-R) விருப்பத்தோடு திறங்கள். வரி மடிந்தால் பெரிய எஸ்-ஐயும் (-S) சேருங்கள்.