அப்பாவுக்கு முன் மகன் பிறக்க முடியுமா?

கேள்வி: ஒருவருக்கு முதலில் நடந்தது இன்னொருவருக்குப் பிறகு நடந்ததாக இருக்கலாம் என்கிறதாம் ஐன்ஸ்டைனின் சார்பியல். அப்படியென்றால் அப்பாவுக்கு முன்பே மகன் பிறந்தான் என்று ஒருவர் சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதானா? முன், பின் எல்லாம் அவரவர் பார்வைதானே?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஒத்துக்கொள்ளவே கூடாது. 'எல்லாமே சார்புதான் என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார்' என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் 1905-இல் சொன்னது அது இல்லை.

தைப்பூச ரதம் வரும் பினாங்குத் தெருவுக்கு வாருங்கள். ஒருவர் தேங்காயை ஓங்கி எறிகிறார். அது தரையில் மோதிச் சிதற அரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒளி ஏறக்குறைய 150,000 கிலோமீட்டர் போய்விடும். தேங்காய் போனதோ சில மீட்டர். எவ்வளவு வேகமாகப் பறப்பவர் கணக்குப் போட்டாலும் உடைந்த பிறகு எறிந்ததாக வராது. அவர் அளக்கும் நேரம் நீளலாம், வரிசை புரளாது.

சரி, அதே தேங்காயைப் பத்துமலையில் அடிக்கும் ஒரு மணியோடு சேர்த்துப் பாருங்கள். தேங்காய் உடையும் பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 285 கிலோமீட்டர். ஒளிக்கே 0.95 மில்லிவிநாடி பிடிக்கும். தேங்காய் உடைந்து 0.5 மில்லிவிநாடியில் மணி அடித்தால், உடைந்த செய்தி எந்த வழியிலும் அங்கே எட்டியிருக்காது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கவே முடியாது. முன்பின் மாறுவது இங்கே மட்டும்தான். பினாங்கிலிருந்து பத்துமலைத் திசையில், ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டில் பறப்பவருக்கு மணிதான் முதலில் அடித்தது. வெளிச்சம் தாமதமாக வந்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாமதத்தைக் கழித்த பிறகும் அவர் கணக்கு அதுதான், அதில் பிழையும் இல்லை.

இரண்டையும் பிரித்துக்காட்டுவது ஒரே ஓர் எண். நேர வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி வர்க்கமாக்குங்கள். அதிலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். காலவெளி இடைவெளி என்பது இதைத்தான். ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் கற்பித்த ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, காலத்தையும் வெளியையும் இப்படிச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1908-இல் கொலோன் நகரில் பேசினார். நேரமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த எண் யாருக்கும் மாறாது. சார்பியல் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் தவறவிடுவது இந்த மாறாத எண்ணைத்தான். அது நேர்மறை என்றால் முன்பின் உறுதி. எதிர்மறை என்றால்தான் ஆளைப் பொறுத்தது.

இப்போது உங்கள் அப்பா, மகன் கணக்கு. இருவர் பிறப்புக்கும் நடுவே 25 ஆண்டு என்றால், பிறந்த இடங்களுக்கு நடுவே 25 ஒளியாண்டுக்கு மேல் தூரம் இருந்தால்தான் வரிசை புரளும். அவ்வளவு தூரத்தில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக வேண்டுமானால், அந்த மனிதர் ஒளியை முந்திக்கொண்டு போயிருக்க வேண்டும்.