வேலைக்கான வீடியோ ரெஸ்யூமேவில் என்ன பேசுவது, எப்படி எடுப்பது?

கேள்வி: பி.காம் முடித்து ஓராண்டு ஆகிறது. வாடிக்கையாளர் சேவை வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். 90 வினாடிக்குள் ஆங்கிலத்தில் வீடியோ ரெஸ்யூமே அனுப்பச் சொல்கிறார்கள். கேமரா முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: சென்னையில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் வேலையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இப்படி வருகிற வீடியோக்களை உட்கார்ந்து பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. அதனால் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முக்கால்வாசி வீடியோக்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும். பெயர், ஊர், அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம், பொழுதுபோக்கு. இதில் தேவையானதெல்லாம் ரெஸ்யூமேவிலேயே இருக்கிறது, அது என் மேசை மேல்தான் கிடக்கிறது. தாளில் தெரியாத ஒன்றைத்தான் நான் வீடியோவில் தேடுகிறேன். கோபமாகப் பேசுகிறவரிடம் இந்தப் பிள்ளை எப்படிப் பேசும்? நடந்ததைக் குழப்பாமல் சொல்லத் தெரியுமா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எனக்குப் போதும்.

போன வருடம் ஈரோட்டில் என் அக்கா மகளுக்கு நானே கூட இருந்து எடுத்துக் கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஏழெட்டு தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் வந்து நின்றாள். அடுத்த வரி விட்டத்தில் எழுதியிருப்பதுபோல் கண் மேலே போய்விடும். கடைசியில், "எனக்கு வராது சித்தி, விடுங்க" என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் போனை நிறுத்தவில்லை. "சரி கண்ணு, அதை விடு. கடையில ஒரு அம்மா சேலையைக் கொண்டுவந்து சத்தம் போட்டாங்கன்னு சொன்னியே, அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

கல்லூரி படிக்கும்போது இரண்டு வருடம் சாயங்காலங்களில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக் கூட்டம். முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது என்று ஓர் அம்மா வந்து நிற்கிறார். கையில் பில் இல்லை. பின்னால் பத்துப் பேர் வரிசையில். "அவங்களை முதல்ல ஸ்டூல்ல உட்கார வெச்சேன் சித்தி. போன் நம்பரைக் கேட்டு வாங்கி கம்ப்யூட்டர்ல தேடினேன். பதினோரு நாளைக்கு முந்தின பில், அப்படியே இருந்துச்சு. முதலாளிகிட்ட காட்டி வேற சேலை மாத்திக் கொடுத்தேன். அவங்க போகும்போது நம்ம கடையிலயே ரெண்டு துண்டும் வாங்கிட்டுப் போனாங்க."

நாற்பது வினாடிகூட ஆகவில்லை. கை தானாக அசைந்தது, கண் என்னையே பார்த்தது, எங்கேயும் தடுமாறவில்லை. அதையே அவளுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்ல வைத்தேன். இலக்கணம் ஓரிரு இடத்தில் தவறியது. நான் திருத்தவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது தெளிவாகப் புரிந்தது.

அதனால் உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். யாரோ ஒருவருடைய சிக்கலை நீங்கள் தீர்த்து வைத்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பெரிய வேலையில் இருந்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி விழாவில் சாப்பாட்டு டோக்கன் குளறுபடியைச் சரிசெய்ததாக இருக்கலாம், பாட்டியின் பென்ஷனுக்காக வங்கிக்கு நாலு நடை நடந்ததாகவும் இருக்கலாம். முதல் பத்து வினாடியில் பெயரும் எந்த வேலைக்கு என்பதும். அப்புறம் அந்தச் சம்பவம். கடைசியில் இந்த வேலை ஏன் வேண்டும் என்று இரண்டு வரி. நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 சொற்கள் போலத்தான் வரும். 90 வினாடி என்றால் 180 சொற்களைத் தாண்ட வேண்டாம்.

முழுவதையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். கண் இடமும் வலமும் ஓடுவது பார்க்கிறவருக்கு அப்படியே தெரியும். ஐந்தாறு சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி லென்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்தவர் ஒருவரை உட்கார வைத்து அவரிடம் கதை சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாக இளகும்.

எடுப்பதற்கு உங்கள் போனே போதும். முன்கேமராவைவிடப் பின்கேமராவில் படம் தெளிவாக வரும். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, போனைக் குறுக்காக வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். நாங்கள் அரிசி டப்பா மேல் நாலு புத்தகம் அடுக்கி அதன் மேல் வைத்தோம். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துப்போகும். பொடிக் கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும், ஒரே நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். மங்கலான வீடியோவைக்கூட நான் கடைசிவரை பார்த்துவிடுவேன், இரைச்சலில் பேச்சு புரியாவிட்டால் பொறுமை போய்விடும். வெறும் ஹாலில் குரல் எதிரொலிக்கும். மெத்தை, துணிமணி இருக்கிற படுக்கையறை நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஒன்றரை நிமிடம் வியர்த்தால் பரவாயில்லை. அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கட்டும். ஒயர் உள்ள இயர்போனில் மைக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சட்டையில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வினாடி பதிவுசெய்து கேட்டுப் பார்த்த பிறகு முழுதாக எடுங்கள். பின்னணி இசை, பறக்கும் எழுத்து எதுவும் வேண்டாம். முன்னும் பின்னும் வெட்டினால் போதும்.

அனுப்பும்போது நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்.பி. வரை வரும். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது. யூடியூபில் ஏற்றினால் 'அன்லிஸ்டட்' என்று வையுங்கள். 'பிரைவேட்' என்று வைத்துவிட்டு இணைப்பை மட்டும் அனுப்பினால் எங்களுக்குத் திறக்காது. கூகுள் டிரைவில் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்து நாங்கள் பார்க்க முடியாமல் போன விண்ணப்பங்கள் எத்தனையோ. பாவமாக இருக்கும்.

வீடியோவில் பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஆதார் எண், சாதி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் சொல்லாதீர்கள். அது யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. 2006-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வங்கி வேலைக்காக அனுப்பிய வீடியோ வெளியே கசிந்து இணையம் முழுக்கப் பரவியது. பளு தூக்குவது, டென்னிஸ் ஆடுவது, நடனம் என்று அதில் எல்லாவற்றையும் காட்டியிருந்தார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இன்னொன்று. கணக்கு எழுதுவது, தரவு பதிவு போன்ற வேலைகளுக்கு அவர்கள் கேட்காவிட்டால் நீங்களாக வீடியோ அனுப்ப வேண்டாம். அந்த நேரத்தில் ரெஸ்யூமேவைச் செம்மைப்படுத்துங்கள்.

என் அக்கா மகளுக்கு முதலில் அனுப்பிய இடத்திலிருந்து பதிலே வரவில்லை. இரண்டாவது இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். "முதலாளி சேலையை மாற்றித் தர முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்பதுதான் அங்கே அவளிடம் கேட்ட முதல் கேள்வி. முந்தின நாள் இரவு நானும் அவளும் போனில் அதையே பேசி வைத்திருந்தோம். நீங்கள் சொல்லப்போகிற சம்பவத்தைப் பற்றியும் இப்படி மூன்று நான்கு கேள்விகளை யாரையாவது கேட்கச் சொல்லிப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.