15 வயது மகன் மீது வழக்கு: நன்னடத்தை உத்தியோகத்தரிடம் எதையும் மறைக்காதீர்கள்

கேள்வி: மகனுக்கு 15 வயது. நண்பர்களுடன் சேர்ந்து சைக்கிள் திருடியதாகப் பொலிஸார் பிடித்து நீதவான் முன் முற்படுத்தினார்கள். பிணையில் வந்துவிட்டான். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவாராம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே முடிந்துவிடும் என்கிறார் மைத்துனர். மகனைச் சிறையில் போடுவார்களா? — ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இலங்கையில் சிறுவர் வழக்குகளுக்கு 1939ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை மீது குற்றப் பொறுப்பே சுமத்த முடியாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவருக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியவன். ஆகவே விசாரணை நடக்கும். ஆனால் பொதுமக்களை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையை அடையாளம் காட்டும் விவரங்களைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

எச்சரித்து விடுவித்தல், பெற்றோரிடம் பொறுப்புக் கொடுத்தல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தல் என்று நீதவானுக்குப் பல வழிகள் உண்டு. சான்றுபெற்ற பாடசாலைக்கு, அதாவது நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகள் தங்கவைக்கப்படும் சீர்திருத்தப் பாடசாலைக்கு, அனுப்பவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் வீடு அவனைத் தாங்கும் என்று தெரிந்தால், அங்கே அனுப்பவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

அந்த நம்பிக்கையை நீதவானுக்குத் தருவது உத்தியோகத்தரின் அறிக்கைதான். அவர் வீட்டைப் பார்ப்பார், பாடசாலையில் விசாரிப்பார். மகன் பின்னேரங்களில் யாருடன் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறான், தந்தை வெளிநாட்டில் என்றால் வீட்டில் அவனுக்குப் பொறுப்பு யார் என்று கேட்பார். அவருக்காக வீட்டை அலங்கரிக்க வேண்டாம். "என் பிள்ளை தங்கம், கூட்டாளிகள்தான் கெடுத்தார்கள்" என்று ஒப்பிக்கவும் வேண்டாம். ரியூஷனுக்குப் போகாமல் விட்டது உங்களுக்குத் தெரியும் என்றால் அதைச் சொல்லுங்கள். இனி மாலையில் அவனைக் கவனிக்கப்போவது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையை மறைக்கும் தாயைவிட, குறையை அறிந்து அதற்கு வழி தேடும் தாயைத்தான் அறிக்கை எழுதுபவர் நம்புவார்.

மைத்துனரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அன்றைய நாள் முடியவேண்டும் என்பதற்காகச் செய்யாத ஒன்றைப் பிள்ளை ஒப்புக்கொள்ளக் கூடாது. உண்மையிலேயே செய்திருந்தாலும் சட்டத்தரணியுடன் பேசிய பிறகே வாய் திறக்கட்டும். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடுங்கள். கூடப் பிடிபட்டவர்களில் வயதுவந்தவர் எவராவது இருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அப்படியிருந்தால் வழக்கு சிறுவர் நீதிமன்றத்தில் அல்லாமல் வழமையான நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது.

ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நீங்களும் கூடப் போங்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். சாதாரண தரப் பரீட்சை நாளில் தவணை விழுந்தால், அனுமதி அட்டையைக் காட்டி வேறு திகதி கேட்கும்படி சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.