டிஸ்கோ காலத்து ஜம்ப்சூட், என் மகளுக்குப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு பழைய துணிக்கடையில் பெண் குழந்தைகள் போடும் ஜம்ப்சூட் ஒன்று வாங்கினேன். வெள்ளி மினுமினுப்பு, பெல்பாட்டம் கால், நெஞ்சில் சமிக்கி. டிஸ்கோ காலத்து உடுப்பு என்றார்கள். உண்மைதானா? ஆறு வயது மகளுக்குப் போட்டுவிடலாமா? எப்படித் துவைப்பது?

பதில்: முதலில் உடுப்பை உள்பக்கம் திருப்பி லேபிளைத் தேடுங்கள். எப்படித் துவைக்க வேண்டும் என்று துணியிலேயே தைத்து வைக்கச் சொல்லும் விதி அமெரிக்காவில் 1972-இல்தான் அமலுக்கு வந்தது, அதனால் அந்த லேபிள் இருந்தால் உடுப்பு அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. கூடவே ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற தையல் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு, வெள்ளை, நீல லேபிளும் இருந்தால் 1974-க்கும் 1995-க்கும் நடுவில் தைத்தது. டிஸ்கோ மோகம் உச்சத்துக்குப் போனது 1977 கடைசியில் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் வந்த பிறகு. பெரியவர்கள் போட்ட பாலியெஸ்டர் சூட்டையும் பெல்பாட்டத்தையும் அப்படியே அளவு குறைத்துப் பிள்ளைகளுக்கும் தைத்த காலம் அது, எனக்கு ரொம்பப் பிடித்த காலமும்கூட.

அந்த மினுமினுப்பு பெரும்பாலும் லூரெக்ஸ் நூலாக இருக்கும். நம் ஜரிகை மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பூசிய அலுமினியம், ப்ளீச் பட்டால் கருத்துவிடும், இஸ்திரிச் சூட்டில் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பிழியாமல் அலசி, கொடியில் தொங்கவிடாமல் ஒரு துண்டின் மேல் பரப்பி நிழலில் காயவையுங்கள். சமிக்கியை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், பல உடுப்புகளில் சங்கிலித் தையல்தான், ஒரு நுனி அறுந்தால் பூச்சரம் அவிழ்ந்த மாதிரி வரிசையாகக் கொட்டிவிடும். அறுந்த இடத்தில் உடனே ஒரு முடிச்சு போடுங்கள். இடுப்பு எலாஸ்டிக் இத்தனை வருஷத்தில் செத்திருக்கும், மாற்றிவிடலாம், அதில் தயக்கமே வேண்டாம்.

மகளுக்குத் தாராளமாகப் போடுங்கள், பனியன் உள்ளே இருக்கட்டும், சமிக்கியின் பின்பக்கம் குத்தும். ஆனால் அதே கடையில் அந்தக் காலத்துக் குழந்தை நைட் டிரெஸ் கிடைத்தால் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். தீப்பிடிக்காமல் இருக்க அவற்றில் பலவற்றை ‘டிரிஸ்’ என்ற ரசாயனத்தில் நனைத்தார்கள், புற்றுநோய் அபாயம் என்று 1977-இல் தடை வந்தது. அது அலமாரியில் பார்க்க மட்டும் சரி.