கிணறு அளக்கும் பெண்ணுக்கு எதற்கு மூன்றரை லட்சம் கடன்?

போன வாரம் சேலத்திலிருந்து ஒரு அப்பா, அம்மா, மகள் வந்திருந்தார்கள். மகள் பி.எஸ்சி. ஜியாலஜி இறுதியாண்டு. "கல்லைப் படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று சித்தப்பா கேட்கிறாராம். டேட்டா சயின்ஸ் கோர்ஸ் ஒன்றையும் அவரே பார்த்து வைத்திருக்கிறார். கட்டணம் 3.5 லட்சம், கடன்தான் வாங்க வேண்டும். அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

அந்தப் பெண் என்னிடம் பேசியதெல்லாம் கிணறுகளைப் பற்றித்தான். ப்ராஜெக்டுக்காக 40 கிணறுகளில் நாடாவை இறக்கி, மாதாமாதம் நீர்மட்டம் அளந்திருக்கிறாள். எக்ஸெலில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியல சார்" என்றாள். அங்கேதான் அவளுக்கு ஆர் (R) தேவை; தரவை அலசி வரைந்து பார்க்க உதவும் கணினி மொழி அது. ஐ.டி., எம்.பி.ஏ. பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் இதை மட்டும் பேசுகிறேன்.

ஆர் இலவசம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் உருவாக்கியது. பயிற்சிக்கான தரவும் கூடவே வரும். 'நைல்' என்று தட்டினால் 1871 முதல் 1970 வரை எகிப்தின் அஸ்வானில் அளந்த நைல் நதியின் ஆண்டு நீரோட்டம் வந்து நிற்கும். வரைந்து பாருங்கள், 1898-ஐ ஒட்டிச் சட்டென்று இறங்கி, அப்படியே தங்கிவிடும். அஸ்வானில் பழைய அணை வேலை தொடங்கிய காலம் அது. காரணம் அணையா, மழையா? இந்தக் கேள்வி ஜியாலஜி படித்தவளுக்குத்தான் தோன்றும்.

அவள் கிணறுகளுக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் மட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். இந்த மாத மட்டம் போன மாதத்தைத் தொட்டே வரும். அதனால் 40 கிணறும் 40 தனிச் சாட்சிகள் ஆகாது. பொதுவான கோர்ஸ்களில் தரவைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வைத்துக் கணித்து, மறுபகுதியில் அது சரியா என்று சோதிக்கப் பழக்குவார்கள். இங்கே அப்படிச் செய்தால், பக்கத்துக் கிணற்றைப் பார்த்துக் காப்பியடித்த விடைக்கு முழு மதிப்பெண் விழும். ஆரில் சேர்த்துக்கொள்ளும் ஜிஸ்டாட் (gstat) என்ற இலவசத் தொகுப்பில் வேரியோகிராம் வரைந்தால், அதாவது தூரம் கூடக்கூட மட்ட வித்தியாசம் எப்படிக் கூடுகிறது என்று காட்டும் படத்தை வரைந்தால், எவ்வளவு தூரம்வரை ஒரு கிணறு இன்னொன்றுக்குச் சாட்சி சொல்லும் என்பது தெரியும். அளக்காத இடத்தின் மட்டத்தை அதை வைத்து மதிப்பிடுவதுதான் கிரிகிங். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டேனி கிரிக் பெயரால் வந்த முறை அது.

கிணறுகளை வரைபடத்தில் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலகைச் செங்குத்துப் பட்டைகளாகப் பிரித்து, இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறைக்கு யூ.டி.எம். என்று பெயர். 78 டிகிரி தீர்க்கரேகை சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவே போகிறது. கிழக்கே யூ.டி.எம். 44-ஆம் மண்டலம், மேற்கே 43. மண்டல எண்ணை மாற்றிக் குறித்தால் சேலத்துக் கிணறு அரபிக்கடலில் போய் விழும். இதெல்லாம் சொந்தத் தரவில் கைவைத்தால்தான் பிடிபடும்.

செலவு? 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். ஆர் மட்டும் தெரிந்தால் வேலை வந்துவிடாது, எம்.எஸ்சி. கட்டாயம் வேண்டும். யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு அதற்கப்புறம்தான்; இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள். கையில் பணம் இருந்தால் அந்த எம்.எஸ்சி.க்கு வையுங்கள்.

இந்த விடுமுறையில் அவள் 40 கிணறுகளின் வரைபடத்தை முடிக்கட்டும். முடித்ததும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளே அவருக்கு விளக்கட்டும்.