குமரி மாவட்டத் திருச்சபைகள் இலங்கை அகதிகளை எப்படி ஏற்றன? உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் எழுதிய புத்தகங்களில் அது பதிவாகியிருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. சபையின் நூற்றாண்டு மலருக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். முதல் முப்பது பக்கமும் தோள்சீலைக் கலகம்தான். மேலாடை உடுத்ததற்காகப் பெண்கள் சந்தையில் அடிபட்டது, சனம் வீடு விட்டு ஓடியது, 1859-ல் திருவிதாங்கூர் அரசாணை வந்தது எல்லாம் விரிவாக உண்டு. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இலங்கைத் தமிழர் முகாம் வருவது ஒரே இடத்தில். செலவுக் கணக்கில்: 'கேம்ப், துணி வகை.'

கன்வென்ஷன் பந்தல் புத்தகக் கடையிலும் சாட்சி, பிரசங்கக் குறிப்பு, ஜெபப் புத்தகம், அவ்வளவுதான் கண்ணில் படும். கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் தேவசகாயம் வரலாறு கட்டாயம் இருக்கும். 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டவர், 2022-ல் புனிதரானவர். அவர் நாடு கடத்தப்பட்டவர் என்பதையும் முகாமையும் சேர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்லை.

உதவி செய்யவில்லை என்று சொன்னால் பொய். பெருமாள்புரம், பழவிளை, ஞாறாம்விளை, கோழிவிளை என்று மாவட்டத்தில் நான்கு முகாம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் சேலையும் போகும், ஜூனில் நோட்டுப் புத்தகம் போகும். இயேசு சபையினரின் அகதிகள் பணி தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பே நடத்தியிருக்கிறது.

எங்களுக்கு இடறியது வேறு இடத்தில். 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று மத்தேயு 25-ல் வாசிக்கிறோம். சபையில் 'சேர்ப்பது' என்றால் குடும்பப் பதிவேட்டில் எண் கொடுப்பது. எண் இருந்தால்தான் சந்தா ரசீது, ஓட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம். முகாமிலிருந்து இருபது வருஷமாக ஆராதனைக்கு வந்த குடும்பங்களுக்கு அது கிடையாது. 'நாளைக்கே சிலோனுக்குப் போயிடுவாங்க, எதுக்கு?' என்பார்கள் கமிட்டியில். அசனத்தன்று, அதாவது சபை விருந்தன்று, பந்தி பரிமாற மட்டும் அந்தப் பையன்களைத்தான் தேடுவோம்.

மன்னார்ப் பாட்டி ஒருவர் இறந்தபோது இது வெடித்தது. சாயங்காலம் வரை பெட்டி முகாமிலேயே இருந்தது. கமிட்டி கூடி, 'ஸ்பெஷல் கேஸ்' என்று எழுதிக் குழி கொடுத்தது. அதுக்குமேல் இளைஞர் ஐக்கியத்துப் பிள்ளைகள் விடவில்லை. ஏழு மாதச் சண்டை, இரண்டு ராஜினாமா. கடைசியில் பதினோரு குடும்பத்துக்கு எண் கிடைத்தது.

அந்தப் பாட்டியின் மகள் இப்போது மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டுகிறார். குடும்பத் தலைவருக்கு அரசு கொடுக்கிற 1,500 ரூபாயிலிருந்துதான். வேண்டாம் அக்கா என்றால், 'ஏன் தம்பி, எங்கட நம்பர் வெட்டுப்படவோ?' என்று கேட்கிறார்.

மலரின் இரண்டாம் பதிப்புக்குப் பேச்சு நடக்கிறது. ஒரு அத்தியாயம் கேட்டிருக்கிறேன், நான்கு பக்கம் தருகிறார்களாம்.