பைக் எஞ்சின் வெச்ச கார்ல கிளட்ச் படுத்துதா? கேளுங்க, சொல்றேன்

இங்கிலாந்துல நான் கராஜ்ல உக்காந்து கட்டுன லோகாஸ்ட்ல (கம்மி செலவுல வீட்லயே கட்டுற குட்டி ஸ்போர்ட்ஸ் கார்) ஓடுறது யமஹா ஆர்1 எஞ்சின். அதுல ரெண்டு செட் கிளட்சை நானே எரிச்சிருக்கேன், அந்தத் தகுதியிலதான் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, என்னோடது ஹயபூசா எஞ்சின். நாலாவது கியர்ல ஃபுல்லா மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் எகிறுது, வண்டி ஏற மாட்டேங்குது. பிளேட் மாத்தி ஒரு மாசம்கூட ஆகல.

பிளேட்டை விடுங்க, என்ன ஆயில் ஊத்துனீங்க? வீட்ல மிச்சமிருந்த கார் ஆயிலா இருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சுது. பைக்ல கிளட்ச் எஞ்சின் ஆயில்லயே முங்கி ஓடுது, கார் ஆயில் நிறையதுல வழுக்கலுக்குன்னே ஒரு மருந்து கலந்திருப்பாங்க, அது எஞ்சினுக்கு நல்லது, கிளட்சுக்கு எமன். டப்பால ஜாசோ (ஜப்பான்காரங்க ஆயில் தரக் குறியீடு) எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கணும். அடுத்து, பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் (மிதிச்சா ஃப்ளூயிடைத் தள்ளுற பம்ப்) ராடுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டராவது ஆட்டம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பிஸ்டன் முழுசா திரும்பாம பிரஷர் உள்ளயே நின்னு கிளட்சை லேசா அமுக்கிட்டே இருக்கும். இது ரெண்டும் சரியா இருந்தும் வழுக்குதுன்னா ஸ்பிரிங்கை கெட்டியானதா மாத்துங்க. ஆளோட சேத்து முந்நூறு கிலோவை இழுக்க செஞ்ச கிளட்ச், நாம அது தலையில அறுநூறு கிலோவை கட்டிருக்கோம், பாவம் அது.

கேள்வி: எனக்கு நேர் எதிர் ப்ரோ. பெடலை முழுசா மிதிச்சாலும் வண்டி மெதுவா நகருது, நியூட்ரல் விழவே மாட்டேங்குது. கார் பெடல் பாக்ஸ், பைக் ஸ்லேவ் (அந்த ஃப்ளூயிடை வாங்கி கிளட்சைப் பிரிக்கிற சிலிண்டர்).

முதல்ல ஃப்ளூயிட் லைன்ல மாட்டியிருக்கற ஏரை எடுங்க. அப்பவும் நகந்தா மாஸ்டர் சைஸ் பாருங்க. ஒரே ஸ்ட்ரோக்ல 19 எம்எம் மாஸ்டர் 14 எம்எம்மை விட 1.84 மடங்கு ஃப்ளூயிட் தள்ளும், விட்டத்தோட வர்க்கக் கணக்குதான். சின்னதா போட்டா கிளட்ச் பாதிதான் பிரியும். அதுக்குன்னு பெருசா போட்டுட்டு சும்மா விட்டுடாதீங்க, கால் பலத்துல ஸ்லேவ் பிஸ்டனையே வெளிய தள்ளிடுவீங்க. பெடலுக்குக் கீழ ஒரு ஸ்டாப் போல்ட் கட்டாயம் வேணும். கை லீவருக்கு வடிவமைச்ச சாமானை கால் மிதிக்குதுங்கறத நிறைய பேர் மறந்துடறாங்க.

கேள்வி: கிளம்பும்போது மட்டும் வெட்டி வெட்டி எடுக்குது சார், ஓட ஆரம்பிச்சா நல்லாத்தான் இருக்கு.

கிளட்ச் கவரைக் கழட்டி பாஸ்கெட் (பிளேட்டுங்க உக்கார்ற கூடை) விரல்கள் ஓரத்துல நகத்தை வெச்சு மேலிருந்து கீழ ஒரு இழு இழுங்க. நகம் படி படியா மாட்டுச்சுன்னா அதான் காரணம், ஃபைபர் பிளேட்டோட காது (ஓரத்துல நீட்டிட்டு இருக்கற பல்லு) அடிச்சு அடிச்சு பள்ளம் போட்டிருக்கு, பிளேட் நகர வேண்டிய இடத்துல மாட்டி மாட்டி விடுது. லேசா இருந்தா ஃபைலால தேய்க்கலாம், ஆழமா இருந்தா பாஸ்கெட்டையே மாத்துங்க. அப்படியே ஸ்டீல் பிளேட்டையும் கண்ணாடி மேல படுக்க வெச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டுப் பாருங்க, பொதுவா 0.1 எம்எம் வளைவுக்கு மேல போனா தூக்கிப் போட வேண்டியதுதான். நான் எரிச்ச செட்ல ஸ்டீல் பிளேட் மயில் கழுத்து நீலத்துல இருந்துச்சு, பாக்க அழகு, பர்ஸுக்கு நாசம். புது ஃபைபர் பிளேட்டை ஒரு ராத்திரி ஆயில்ல ஊற வெச்சு மாட்டுங்க.

கேள்வி: அண்ணா, நாங்க கோயம்புத்தூர் காலேஜ் டீம். ஃபார்முலா காருக்கு கேடிஎம் 390 எஞ்சின். 75 மீட்டர் ஆக்சிலரேஷன் பிராக்டிஸ்ல நாலு ரன்னுக்கே கருகுற வாசனை வருது.

தம்பி, பின் ஸ்ப்ராக்கெட் எத்தனை பல்? பைக்ல வந்ததையே போட்டிருந்தீங்கன்னா பெருசாக்குங்க. முதல் கியர் நீளமா (இழுவை கம்மி, வேகம் ஜாஸ்தி) இருந்தா, வண்டி வேகம் எஞ்சினை எட்டிப் பிடிக்கிற வரைக்கும் கிளட்ச்தான் தேயணும், 373 சிசிக்கு அது ரொம்ப நேரம். இங்க நாங்க ஃபோர்டு சியரா காரோட டிஃப் (பின் அச்சு கியர் பெட்டி) போடறோம், அதோட கியர் விகிதம் 3.14ல இருந்து 3.92க்கு மாறுனா முதல் கியர் கால் பங்கு பலமாகுது, அதுக்கப்புறம்தான் என் கிளட்ச் பிழைச்சுது. ரன்னுக்கு ரன் அஞ்சு நிமிஷம் ஆற விடுங்க, வரிசையா அடிக்காதீங்க. கிளட்ச் கேபிள் சைலன்சர் பக்கமா போகுதான்னும் பாருங்க.

கேள்வி: கிளட்சே மிதிக்காம கியர் மாத்தலாமா?

மேல் கியருக்குப் போறப்ப தாராளமா, ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டா தானா விழும். கீழ் கியருக்கு வரும்போது மட்டும் கிளட்சை மிதிச்சு ஒரு குத்து ஆக்சிலரேட்டர் குடுத்து இறக்குங்க, டாக் (கியருங்களை ஒண்ணோட ஒண்ணு பூட்டுற பல்லு) உடைஞ்சா எஞ்சினையே பிளந்துதான் மாத்தணும்.